டெலிகன்வெர்ட்டர் மாட்டிப் பறவைப் படம் எடுப்பது எப்படி?

வேடந்தாங்கலில் ஏரிக்கரையை விட்டு இறங்க வழியில்லை. கூழைக்கடாவும் நாரையும் தண்ணீருக்குள் நிற்கும் மரங்களில் கூடு கட்டியிருக்கும். நாம் கரையில் நின்றபடிதான் எடுத்தாக வேண்டும். 400 மி.மீ. லென்ஸ் போதாத இந்த மாதிரி இடங்களில்தான் டெலிகன்வெர்ட்டர் கைகொடுக்கும்.

கேமராவுக்கும் லென்ஸுக்கும் நடுவில் மாட்டுகிற சின்னக் கண்ணாடிக் குழல் அது. 1.4 எக்ஸ் மாட்டினால் 400 மி.மீ. 560 ஆகும், 2 எக்ஸ் மாட்டினால் 800. ஆனால் முதலாவது ஒரு ஸ்டாப் வெளிச்சத்தையும் (அதாவது பாதியை), இரண்டாவது இரண்டு ஸ்டாப்பையும் (முக்கால்வாசியை) விழுங்கிவிடும். புதிதாக வாங்குகிறவர்கள் 1.4-ஓடு நிறுத்திக்கொள்ளுங்கள். 2 எக்ஸ் எல்லாம் 400 எஃப்/2.8 போன்ற பெரிய லென்ஸ் வைத்திருப்பவர்கள் கவலை. (எஃப் எண் லென்ஸ் திறப்பின் அளவு; எண் கூடக்கூட வெளிச்சம் குறையும்.)

1. பொருந்துமா என்று பாருங்கள்

எல்லா லென்ஸிலும் மாட்ட முடியாது. கேனான் கன்வெர்ட்டரின் முன்கண்ணாடி வெளியே துருத்திக்கொண்டிருக்கும். 18-55, 55-250 போன்ற சாதாரண ஜூம் லென்ஸ்களில் உள்ளே நுழையாது. நிறுவனம் தரும் பட்டியலைப் பார்த்துவிட்டே காசைக் கொடுங்கள். கேனான் ஆர்எஃப் 100-500-இல் இன்னொரு சங்கடம்: ஜூமை 300-க்கு மேல் நீட்டிய பிறகுதான் கன்வெர்ட்டரை மாட்ட முடியும். மாட்டியபின் அதற்குக் கீழே சுருங்காது. பையிலும் நீட்டியபடியேதான் வைக்க வேண்டும்.

உள்ளே கண்ணாடி வைத்த டிஎஸ்எல்ஆர் கேமரா என்றால் ஆட்டோஃபோக்கஸையும் விசாரியுங்கள். 1.4 எக்ஸ் மாட்டினால் எஃப்/5.6 லென்ஸ் எஃப்/8 ஆகிவிடும். பல மாடல்கள் எஃப்/5.6 வரைதான் ஃபோக்கஸ் செய்யும். சில எஃப்/8-இல் நடுப்புள்ளியில் மட்டும். அந்தக் கண்ணாடி இல்லாத மிர்ரர்லெஸ் கேமராவில் பெரும்பாலும் இந்தத் தொல்லை இல்லை.

2. மாட்டுங்கள்

கேமராவை அணைத்துவிட்டு, முதலில் கன்வெர்ட்டரை லென்ஸில், அப்புறம் இரண்டையும் சேர்த்து கேமராவில். புள்ளிகளை நேராக வைத்து 'க்ளிக்' கேட்கும்வரை திருகுங்கள். ஒரு படம் எடுத்து அதன் விவரத்தைப் பாருங்கள். 560 என்று இருக்க வேண்டிய இடத்தில் 400 என்றே இருந்தால் சரியாக உட்காரவில்லை. கழற்றி மறுபடி மாட்டுங்கள்.

3. வீட்டிலேயே சோதியுங்கள்

பலரும் தாண்டிப் போவது இந்தப் படியைத்தான். என்னைக் கேட்டால் இதுதான் முக்கியம்.

நாளிதழின் வரி விளம்பரப் பக்கத்தை மொட்டைமாடிச் சுவரில் ஒட்டி, பத்துப் பதினைந்து மீட்டர் தள்ளி ட்ரைபாடை வையுங்கள். கன்வெர்ட்டர் இல்லாமல் ஒரு படம், மாட்டி ஒரு படம், அபர்ச்சரை (லென்ஸ் திறப்பை) ஒரு படி குறைத்து இன்னொன்று. மூன்றுக்கும் டைமர் போடுங்கள். கணினியில் முதல் படத்தை 140 சதவீதமாகப் பெரிதாக்கி மற்றவற்றின் பக்கத்தில் வையுங்கள். பொடி எழுத்தில் இருக்கும் தொலைபேசி எண்களைப் படித்துப் பாருங்கள். '3'-உம் '8'-உம் கன்வெர்ட்டர் படத்தில் தெளிவாகப் பிரிந்து தெரிந்தால் சரி. கன்வெர்ட்டர் மாட்டிய படமும் மாட்டாத படமும் ஒரே மாதிரி மங்கலாக இருந்தால், அந்த லென்ஸுக்குக் கன்வெர்ட்டர் வீண்செலவு. படத்தை வெட்டிப் பெரிதாக்கினாலே (கிராப்) அதே படம்தான் கிடைக்கும். விலை குறைந்த ஜூம்களில் பெரும்பாலும் அப்படித்தான் ஆகிறது. முடிந்தால் வாடகைக்கு எடுத்துச் சோதித்துவிட்டு வாங்குங்கள்.

4. களத்தில்

400 மி.மீ., எஃப்/5.6, ஷட்டர் 1/1600 நொடி, ஐஎஸ்ஓ (ஒளியுணர்வு) 800-இல் எடுத்துக்கொண்டிருந்தீர்கள் என்றால், கன்வெர்ட்டரோடு அதே வெளிச்சத்தில் எஃப்/8, 1/1600, ஐஎஸ்ஓ 1600. ஐஎஸ்ஓவைக் கூட்டப் பயந்து ஷட்டர் வேகத்தைக் குறைக்காதீர்கள். ஐஎஸ்ஓ கூடுவதால் படத்தில் வரும் புள்ளிப்புள்ளியான இரைச்சலை மென்பொருளில் துடைத்துக்கொள்ளலாம். ஆட்டத்தைத் துடைக்க முடியாது. பறக்கும் பறவைக்கு 1/2000-க்குக் கீழே இறங்க வேண்டாம்.

பார்வைக்கோணம் குறுகிவிடுவதால் பறவையைத் தேடுவதே பெரும்பாடு. ஜூம் லென்ஸ் என்றால் குறைந்த எண்ணில் பிடித்து, பிறகு நீட்டுங்கள்.

5. எப்போது கழற்றுவது

வெயில் ஏறியதும் தண்ணீருக்கு மேல் காற்று நெளிய ஆரம்பிக்கும். தூரத்து நாரை கொழகொழவென்று விழும். கன்வெர்ட்டர் அந்த நெளிவையும் சேர்த்துத்தான் பெரிதாக்கும். சாயங்காலம் கூட்டங்கூட்டமாக மரத்துக்குத் திரும்பும்போதும் கழற்றிவிடுங்கள். வெளிச்சமும் போதாது, கூட்டமும் சட்டகத்துக்குள் அடங்காது.

ஊருக்குத் திரும்பியதும் அதைப் பெட்டியில் பூட்டி வைக்க வேண்டியதில்லை. கன்வெர்ட்டர் மாட்டினாலும் லென்ஸின் குறைந்தபட்ச ஃபோக்கஸ் தூரம் மாறாது. அதே தூரத்திலிருந்து தேன்சிட்டு 1.4 மடங்கு பெரிதாக விழும். ஃபோக்கஸில் தெளிவாக விழும் ஆழம் மிகக் குறைவாக இருக்கும் என்பதால், ஒற்றை ஃபோக்கஸ் புள்ளியைப் பறவையின் கண்ணின்மேல் வைத்து எடுங்கள்.