படம் வராத 55 இஞ்ச் டிவியை வாங்கலாமா?

தெரிந்தவர் ஒருவர் வீடு மாறும்போது தன் 55 இஞ்ச் எல்இடி டிவியை மலிவாகத் தருவதாகச் சொன்னார். சத்தம் வருகிறது, படம் இல்லை. முதலில் பார்க்க வேண்டியது பேனல், அதாவது படத்தைக் காட்டும் திரை, உயிரோடு இருக்கிறதா என்பதைத்தான். அறை விளக்கை அணைத்துவிட்டு, திரையை ஒட்டி டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தேன். செய்தி வாசிப்பவரின் முகம் மங்கலாகத் தெரிந்தது. சரி, போயிருப்பது பேனலுக்குப் பின்னாலிருந்து வெளிச்சம் தரும் பேக்லைட்தான் என்று அப்போதே வாங்கிவிட்டேன். பேனலில் விரிசல் இருந்திருந்தால் சும்மா கொடுத்தாலும் தொட்டிருக்க மாட்டேன். அதை மாற்றும் செலவில் கிட்டத்தட்ட புது டிவியே வாங்கிவிடலாம்.

பேக்லைட்டை மாற்ற டிவியைக் கழற்றிப் பேனலைத் தூக்கத் தம்பி கைகொடுத்தான். ஓரத்தில் உள்ள மெல்லிய ரிப்பன் கேபிள்கள் கிழிந்தால் எல்லாம் போச்சு, அதனால் இதைத் தனியாளாகச் செய்யவே கூடாது. பேக்லைட் பட்டைகளில் எல்இடிகள் தொடராக இணைந்திருக்கும். ஒன்று அறுந்தாலும் அந்த வரிசை முழுக்க அணைந்துவிடும். பழைய பட்டையையும் மாடல் எண்ணையும் எடுத்துக்கொண்டு சென்னை ரிச்சி தெருவுக்குப் போய் முழு செட்டாகவே வாங்கினேன். மிச்சமிருப்பவைக்கும் அதே வயசுதானே! அப்புறம் செட்டிங்ஸில் பேக்லைட் அளவைப் பாதியாகக் குறைத்துவிட்டேன். சூடு குறையும், எல்இடியும் நாள்பட உழைக்கும்.