சிட்னியில் இரண்டு நாள்: போண்டியாகாமல் சுற்றிப் பார்ப்பது எப்படி?

சிட்னி செலவு பிடித்த ஊர் என்று போகுமுன்பே எல்லோரும் பயமுறுத்துவார்கள். தங்குமிடத்தையும் சாப்பாட்டையும் பொறுத்தவரை அது உண்மைதான். ஆனால் அந்த ஊரின் அழகில் பாதிக்கு மேல் தண்ணீரை ஒட்டியே இருக்கிறது. தண்ணீரைப் பார்க்க யாரும் டிக்கெட் கேட்பதில்லை.

படி 1: முதலில் கிழமையைப் பாருங்கள்

ரயில், பஸ், டிராம், அரசுப் படகு எல்லாவற்றுக்கும் ஓப்பல் என்ற ஒரே அட்டை. பெரியவர்களுக்கு அதுகூட வேண்டாம். விசா, மாஸ்டர்கார்டு அட்டையைத் தட்டினாலும் அதே கட்டணம்தான். பிள்ளைகளுக்குச் சிறுவர் ஓப்பல் கட்டாயம் வாங்குங்கள். ஒரு நாளில் பிடிக்கும் தொகைக்கு உச்சவரம்பு உண்டு. வெள்ளி, சனி, ஞாயிறு நாட்களில் அது மற்ற நாட்களின் வரம்பில் பாதிதான். படகுப் பயணத்தை இந்த மூன்றில் ஒரு நாளில் வையுங்கள். இறங்கும்போதும் அட்டையைத் தட்ட வேண்டும். நான் ஒருமுறை மறந்துவிட்டுத் தண்டம் அழுதேன்.

விமான நிலையத்தின் ரயில் நிலையங்களில் தனிக் கட்டணம் சேர்த்துப் பிடிப்பார்கள். பெட்டி கனமில்லை என்றால் 420ஆம் எண் பஸ்ஸில் மாஸ்காட் வரை போய், அங்கே ரயில் ஏறுங்கள்.

படி 2: காலையில் சர்க்குலர் கீ

சர்க்குலர் கீ என்பது நகரின் முக்கியப் படகுத்துறை. பக்கத்திலுள்ள ஓபரா ஹவுஸைச் சுற்றி நடப்பது இலவசம். தூரத்தில் வெள்ளை வெளேரென்று தெரியும் கூரை, அருகே போனால் வெண்மையும் பாலேட்டின் நிறமும் கலந்த ஓடுகளாக மாறிவிடும். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட ஓடுகள். டென்மார்க்கின் யோர்ன் உட்சன் வடிவமைத்த இக்கட்டடம் 1973இல் திறக்கப்பட்டது. உள்ளே பார்க்க ஆசையா? வழிகாட்டியுடன் சுற்றுவதைவிட, ஏதாவதொரு நிகழ்ச்சிக்குக் கிடைக்கிற மலிவான டிக்கெட்டை வாங்குங்கள். அரங்கம் இசைக்காகக் கட்டியது. அதைக் காலியாகப் பார்ப்பதில் என்ன இருக்கிறது?

படி 3: பாலத்தின் மேல் நடை

தி ராக்ஸ் பகுதியில் கம்பர்லேண்ட் தெருவில் படிக்கட்டு இருக்கிறது. ஏறினால் 1932இல் திறந்த துறைமுகப் பாலத்தின் கிழக்கு நடைபாதை. காசில்லாமல் அக்கரை போய் வரலாம். சிறு கட்டணம் கொடுத்தால் தூணுக்குள் 200 படிகள் ஏறி மேலிருந்து பார்க்கலாம். வளைவின் உச்சிக்கே ஏறச் சில நூறு டாலர் ஆகும். என்னைக் கேட்டால் தூணே போதும்.

படி 4: மேன்லி படகு

சுற்றுலாப் படகுக்காரர்கள் கரையிலேயே கூவி அழைப்பார்கள். காதில் வாங்காமல் சர்க்குலர் கீயில் அரசுப் படகில் ஏறுங்கள்; கடற்கரைப் பகுதியான மேன்லிக்கு அரை மணி நேரம். உள்ளே உட்காராமல் வெளித்தளத்தின் வலப்பக்கம் நில்லுங்கள். புறப்பட்ட உடனேயே ஓபரா ஹவுஸ் கை நீட்டும் தூரத்தில் கடந்து போகும், பின்னால் பாலம் சிறுத்துக்கொண்டே வரும். துறைமுகத்தின் வாயிலைத் தாண்டும்போது பசிபிக் அலை படகைத் தூக்கிப் போடும். வயிறு ஒத்துழைக்காதவர்கள் காலை உணவை அளவோடு முடித்துக்கொள்ளுங்கள். திரும்பும் பயணத்தை மாலையில் வைத்தால் நகரத்தின் விளக்குகள் எரியத் தொடங்கியிருக்கும்.

படி 5: மறுநாள் கடலோர நடை

Bondi என்ற கடற்கரையின் பெயர்ப்பலகையைப் பார்த்து முதலில் 'போண்டி' என்றே வாசித்தேன், உச்சரிப்பு பாண்டாய். பாண்டாய் ஜங்ஷன் வரை ரயில், அங்கிருந்து 333ஆம் எண் பஸ். கடற்கரையிலிருந்து கூஜி வரை பாறை விளிம்பை ஒட்டிய பாதை சுமார் 6 கிலோமீட்டர். டமராமா, பிரோன்டி, குளோவெல்லி என்று குட்டிக் கடற்கரைகள் வரிசையாக வரும். நடுவில் வேவர்லி கல்லறைத் தோட்டம் கடலைப் பார்த்தபடி கிடக்கிறது. தொப்பியும் தண்ணீர்ப் புட்டியும் அவசியம். அந்த வெயில் குளிர்காற்றில் உறைக்காது, இரவில்தான் தோல் எரியும்.

குளிப்பதானால் சிவப்பு மஞ்சள் கொடிகளுக்கு இடையில் மட்டும் இறங்குங்கள். வெளியே அமைதியாகத் தெரியும் இடத்தில்தான் பல சமயம் நீரோட்டம் ஆளை உள்ளே இழுக்கிறது.

கூஜியில் பொரித்த மீனும் உருளைக்கிழங்கும் வாங்கிப் புல்தரையில் உட்காரலாம். பொட்டலத்தை மடியில் அணைத்துக்கொள்ளுங்கள். அங்குள்ள கடற்காகங்களிடம் நம் ஊர்க் காக்கைகள் பாடம் படிக்க வேண்டும்.