ஈரக் குளிர்காலத்தில் பல பிட்ச் பாறையேற்றம்: இறங்கும் வழியிலிருந்து தொடங்கும் திட்டம்

கோடையில் பாறையேற்றத்துக்குத் திட்டமிடுவோர் பெரும்பாலும் எந்த வழியில் ஏறலாம் என்ற கேள்வியிலிருந்தே தொடங்குகிறார்கள். மழையும் குளிரும் குறுகிய பகலும் ஒன்றுசேரும் குளிர்காலத்தில் அந்த வரிசையைத் தலைகீழாக்க வேண்டும். உச்சியிலிருந்து எப்படி இறங்குவோம், நடுவழியில் திரும்ப நேர்ந்தால் எங்கிருந்து திரும்புவோம், இருட்டுவதற்குள் எத்தனை மணி நேரம் கையில் இருக்கிறது ஆகிய மூன்றுக்கும் விடை கிடைத்த பிறகே ஏறும் வழியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். உலர்ந்த பாறையில் முதலாளாக ஏறவும், பிளவுகளில் செருகும் நட் (உலோக ஆப்பு), கேம் (விரிந்து பிடிக்கும் கருவி) போன்றவற்றைப் பொருத்தி ஆங்கர் (கயிற்றைக் கட்டி நிறுத்தும் பிடிமானம்) அமைக்கவும், ராப்பெல் செய்து, அதாவது கயிற்றில் சறுக்கி இறங்கவும் ஏற்கெனவே பழகியவர்களுக்காகவே இந்த வழிகாட்டி எழுதப்படுகிறது; இந்தத் திறன்களை ஈரப் பாறையில் முதன்முறையாகக் கற்க முற்படக் கூடாது.

வழியின் கடினநிலையைப் பொறுத்தவரை, கோடையில் நீங்கள் நிதானமாக ஏறும் நிலையிலிருந்து குறைந்தது இரண்டு மூன்று படிகள் கீழே இறங்கிவிடுங்கள். ஆனால் கடினநிலை எண்ணைவிட வழியின் வடிவமே அதிக முக்கியம் என்பது என் உறுதியான கருத்து. கைக்கு அடங்கும் பெரிய பிடிகள், காலை முழுதாக வைக்கக்கூடிய படிகள், ஸ்லிங்கை (நாடா வளையத்தை) மாட்டிவிடக்கூடிய பாறைக் கொம்புகள், ஒவ்வொரு பிட்ச்சின் (ஒரு நிலையத்திலிருந்து அடுத்ததுவரை கயிற்றில் ஏறும் பகுதியின்) முடிவிலும் இருவர் நிற்கக்கூடிய திட்டு ஆகியவை உள்ள முகடு அல்லது விலா போன்ற அமைப்பே மழைக்கு ஏற்றது. உராய்வை மட்டுமே நம்பி நடக்க வேண்டிய சரிவுப் பலகைகள், உலர்ந்த நாளில் எவ்வளவு எளிதாக இருந்தாலும், நனைந்தவுடன் வேறு வழிகளாகவே மாறிவிடுகின்றன. ஆழமான பிளவுகளும் ஓடைத் தடங்களும் மேலிருந்து வரும் தண்ணீரையும் தளர்ந்த கற்களையும் ஒருசேரக் கீழே கொண்டுவருவதால் அவற்றைத் தவிர்ப்பதே நல்லது. முகடு முதலில் நனைந்தாலும் முதலில் உலர்வதும் அதுவே.

பாறையின் வகையை அறியாமல் வழியைத் தீர்மானிக்க வேண்டாம். மணற்கல் நனையும்போது உள்ளேயே வலுவிழக்கிறது. பிடிகள் உடைவதோடு, பொருத்திய கருவியும் பாறையோடு பெயர்ந்து வரக்கூடும். மழைக்குப் பிறகு மேற்பரப்பு உலர்ந்துவிட்டதாகத் தோன்றினாலும் உட்புற ஈரம் நாள்கணக்கில் நிற்கும் என்பதால், மணற்கல்லைக் குளிர்கால மழையில் முற்றிலும் விட்டுவிட வேண்டும். சுண்ணாம்புக் கல்லில் மழை நின்ற பிறகும் பிளவுகளிலிருந்து நீர் கசிந்துகொண்டே இருக்கும். பலர் ஏறிப் பளபளப்பாகிவிட்ட அதன் பிடிகள் ஈரத்தில் கண்ணாடியாகிவிடும். சொரசொரப்பான எரிமலைப் பாறைகளும் கப்ரோ என்ற கரடுமுரடான தீப்பாறையும் நம்பிக்கைக்குரியவை. ஸ்காட்லாந்தின் ஸ்கை தீவிலுள்ள குயிலின் மலைத்தொடர் இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு. அங்குள்ள கப்ரோ மழையிலும் காலணியைப் பிடித்துக்கொள்கிறது. அதன் ஊடாகச் செல்லும், பசால்ட் என்ற வழவழப்பான எரிமலைப் பாறைப் பட்டைகளோ நனைந்தால் வழுக்கித் தள்ளுகின்றன. இரண்டும் ஒரே பிட்ச்சில் அடுத்தடுத்து வரும் என்பதால் பாதத்தை வைக்கும் ஒவ்வொரு இடத்தையும் தனித்தனியே பார்க்க வேண்டியிருக்கிறது. எந்தப் பாறையானாலும் பாசியும் லைக்கனும் படர்ந்த கரும்பகுதியில் எடையை வைக்காமல், அதற்கு அரையடி தள்ளி வெளிறித் தெரியும் வெற்றுப் பாறையைத் தேடுங்கள்.

வானிலை அறிக்கையில் ஏறும் நாளை மட்டும் பார்ப்பது போதாது. முந்தைய மூன்று நாள்களில் எவ்வளவு மழை பெய்தது, உறைநிலை எந்த உயரத்தில் இருக்கிறது, காற்று எந்தத் திசையிலிருந்து எந்த வேகத்தில் வீசும் என்பவற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். உயரம் 1,000 மீட்டர் கூடும்போது வெப்பநிலை சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் குறைகிறது. பள்ளத்தாக்கில் 5 டிகிரி இருக்கும் நாளில் அதற்கு 800 மீட்டர் மேலேயுள்ள பாறையில் ஏறத்தாழ உறைநிலை நிலவும். நனைந்த பாறைமேல் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய பனிக்கண்ணாடி படிந்துவிடும். அது படிந்த பாறையில் ஏறுவது வேறு கருவிகளும் வேறு பயிற்சியும் வேண்டிய செயல், அன்று திரும்பிவிடுங்கள். மழையைக் காட்டிலும் காற்றுக்கே நான் அதிகம் அஞ்சுகிறேன். நனைந்த உடலின் வெப்பத்தை அது மிக விரைவில் உறிஞ்சிவிடுவதோடு, கயிற்றின் இரு முனைகளிலும் இருப்பவர்களின் குரலையும் ஒருவருக்கொருவர் கேட்காமல் செய்துவிடுகிறது. ஆகவே காற்றுக்கு மறைவான பக்கத்திலுள்ள வழியையே தேர்ந்தெடுங்கள். நடைப்பாதை ஓடைகளைக் கடக்கிறதா என்பதையும் வரைபடத்தில் பாருங்கள். காலையில் கணுக்கால் அளவு ஓடிய நீர் பகல் முழுதும் பெய்த மழைக்குப் பின் மாலையில் கடக்க முடியாததாகிவிடும்.

அடுத்தது நேரக் கணக்கு. திட்டத்தின் முதுகெலும்பு இதுதான். நடைக்கு, ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892-இல் வகுத்த விதி இன்றும் உதவுகிறது: தட்டையான தூரத்தில் 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதனுடன் ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் மேலும் ஒரு மணி நேரம். பாறையின் அடிவாரம் 4 கிலோமீட்டர் தொலைவிலும் 450 மீட்டர் உயரத்திலும் இருந்தால், அங்கே சென்றுசேர ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் ஆகும். கருவிகளை அணிந்து தயாராக அரை மணி நேரம். இரண்டு பேர் கொண்ட குழு ஈரத்தில் ஒரு பிட்ச்சுக்கு 45 நிமிடம் எடுத்துக்கொள்ளும் என்று வைத்துக்கொண்டால் ஆறு பிட்ச்சுக்கு நாலரை மணி நேரம். 57 டிகிரி வட அகலாங்கில் டிசம்பர் இறுதியில் பகல் 7 மணி நேரத்துக்கும் குறைவு. சூரியன் காலை 9 மணியளவில் எழுந்து மாலை 3.40 அளவில் மறைந்துவிடும். ஆகவே காலை 7 மணிக்குத் தலைவிளக்கு வெளிச்சத்தில் நடக்கத் தொடங்கினால்தான் 9 மணிக்குப் பாறையில் கை வைத்து, 1.30-க்கு மேலே சென்று, இரண்டு மணி நேர வெளிச்சத்துடன் இறங்க முடியும். இதே கணக்கிலிருந்து திரும்பும் நேரத்தையும் முன்கூட்டியே எழுதிக்கொள்ளுங்கள். மூன்றாம் பிட்ச்சின் முடிவை 11.15-க்கு அடைய வேண்டும், 11.45 கடந்தும் அடையவில்லை என்றால் அங்கிருந்தே இறங்கிவிட வேண்டும். அந்த நேரத்தை வீட்டிலேயே இருவரும் ஒப்புக்கொள்ள வேண்டும், ஏனெனில் குளிரில் நடுங்கிக்கொண்டு நிற்கும்போது நடக்கும் விவாதத்தில் தெளிவு இருக்காது.

கயிறு என்று வரும்போது, 60 மீட்டர் நீளமுள்ள இரண்டு ஹாஃப் ரோப்களையே (இரண்டாகச் சேர்த்துப் பயன்படுத்தும் மெல்லிய கயிறுகளையே) பரிந்துரைப்பேன். ஒற்றை 60 மீட்டர் கயிற்றை இரட்டையாக்கி ராப்பெல் செய்தால் 30 மீட்டர்தான் இறங்கலாம். இரண்டை இணைத்தால் 60 மீட்டர் இறங்கலாம் என்பதால் பின்வாங்கும் வாய்ப்பு இரட்டிப்பாகிறது. நீர்விலக்குப் பூச்சு பெற்ற கயிறே வேண்டும். பன்னாட்டு மலையேற்றக் கூட்டமைப்பான யு.ஐ.ஏ.ஏ. வகுத்த சோதனையில், நீர்விலக்கி என்ற தகுதி பெறும் கயிறு தன் எடையில் 5 சதவீதத்துக்கு மேல் நீரை உறிஞ்சக் கூடாது. பூச்சில்லாத நைலான் கயிறு நனைந்தால் எடை கூடுவதோடு, விழுதலைத் தாங்கும் திறனும் கணிசமாகக் குறைகிறது. கருவிகளில் நட்களையும் ஹெக்ஸ்களையும் (அறுகோணப் பெரிய நட்களையும்) கூடுதலாகவும் கேம்களைக் குறைவாகவும் எடுத்துச் செல்லுங்கள். கேம் உராய்வை நம்பியே நிற்கிறது. சேறும் நீரும் படிந்த இணையான பிளவில் அது வழுக்கி வெளியேறக்கூடும், குறுகிய இடுக்கில் இறுகி அமர்ந்த நட்டோ ஈரத்தைப் பொருட்படுத்துவதில்லை. நீளமான ஸ்லிங்குகள் பல வேண்டும். வெட்டி விட்டுவரக்கூடிய பழைய கயிற்றுத் துண்டு ஐந்தாறு மீட்டரும், அதை வெட்ட ஒரு சிறு கத்தியும் எப்போதும் உடனிருக்கட்டும். பாதத்துக்கு, இறுக்கமான ஏற்றக் காலணியைவிட விறைப்பான அடிப்பகுதி கொண்ட மலைக்காலணியே இவ்வகை வழிகளில் சூட்டையும் உறுதியையும் தருகிறது.

உடையில் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு: பிடிக்காகக் கையை உயர்த்தும் ஒவ்வொரு முறையும் பாறையில் வழியும் நீர் மணிக்கட்டு வழியாக நுழைந்து முழங்கைவரை ஓடும். மழைச்சட்டையின் கைமுனையை இறுக்கிக் கட்டி, அதன்மேல் கையுறையை இழுத்துவிட்டால் பெரும்பகுதி தடுக்கப்படும். கையுறைகளில் ஆளுக்கு மூன்று ஜோடியாவது தேவை. ஏறுவதற்கு மெல்லியவை இரண்டு, பிலே செய்வதற்கு (ஏறுபவரின் கயிற்றைப் பிடித்துக் காப்பதற்கு) தடித்தது ஒன்று. நனைந்த கயிறு பிலே கருவிக்குள் நுழையும்போது பிழிந்தெடுத்த நீர் கையுறைமேல் சொட்டிக்கொண்டே இருக்கும் என்பதால், ஏறும் கையுறையோடு பிலே செய்தால் அடுத்த பிட்ச்சில் விரல்கள் செயல்படாது. நிற்கும்போது மழைச்சட்டைக்கு மேலேயே அணியக்கூடிய அளவுக்குப் பெரிய செயற்கை இழைக் குளிர்ச்சட்டை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள்; இறகு நிரப்பிய சட்டை நனைந்தால் வெப்பம் காக்கும் தன்மையைப் பெரிதும் இழந்துவிடும். ஆளுக்கொரு தலைவிளக்கு, மாற்று மின்கலம், விசில், இருவரும் உள்ளே அமரக்கூடிய அவசரக் கூடார உறை ஆகியவற்றில் ஒன்றையும் விட்டுவிட வேண்டாம்.

ஏறும்போது பிட்ச்களைச் சிறியனவாக வைத்துக்கொள்வது நல்லது. 50 மீட்டர் பிட்ச் ஒன்றை இரண்டாகப் பிரித்தால் ஆங்கர் அமைக்கும் நேரம் கூடினாலும், ஒருவரை ஒருவர் பார்க்கவும் குரல் கேட்கவும் முடியும். நனைந்த கயிறு விளிம்புகளில் உரசி இழுக்க முடியாதபடி கனப்பதும் குறையும். குரல் எட்டாது போனால் கயிற்றை எத்தனை முறை இழுத்தால் என்ன பொருள் என்பதை அடிவாரத்திலேயே பேசி முடித்துவிடுங்கள். பிலே நிலையத்தில் துணைவரைக் கூர்ந்து கவனியுங்கள். நடுக்கம், காரபினரை (கயிற்றை மாட்டும் உலோகக் கொக்கியை) திறக்கத் தடுமாறும் விரல்கள், குழறும் பேச்சு, கேட்ட கேள்விக்குச் சம்பந்தமில்லாத பதில் ஆகியவை உடல் வெப்பநிலை சரியத் தொடங்கிவிட்டதன் அறிகுறிகள். நடுங்கிக்கொண்டிருந்தவர் சூடு ஏறாமலேயே நடுக்கத்தை நிறுத்திவிட்டால், நிலை மோசமாகிவிட்டது என்று பொருள்.

பின்வாங்கும் திட்டத்தை ஒவ்வொரு பிட்ச்சுக்கும் தனியாகச் சிந்திக்க வேண்டும். வழியின் குறுக்கே ஓடும் அகன்ற திட்டு வழியாகப் பக்கவாட்டில் வெளியேற முடியுமா, இல்லையேல் அங்கிருந்து நேர்கீழே 60 மீட்டருக்குள் அடுத்த நிற்குமிடம் இருக்கிறதா என்பதைப் புகைப்படத்திலும் வழி விவரத்திலும் முன்பே குறித்துக்கொள்ளுங்கள். குறுக்காகச் செல்லும் பிட்ச்சைத் தாண்டிவிட்டால் நேர்கீழ் இறக்கம் பெரும்பாலும் வழிக்கு வெளியே கொண்டுபோய்விடும் என்பதால், அதற்கு முந்தைய நிலையமே உண்மையான முடிவெடுக்கும் இடம். ராப்பெல் செய்யும்போது கயிற்று முனைகளில் முடிச்சிடுங்கள். புருசிக் சுருக்கு (கயிற்றைச் சுற்றி இறுகி, கை விட்டாலும் சறுக்காமல் நிறுத்தும் முடிச்சு) நனைந்த மெல்லிய கயிற்றில் பிடிக்கிறதா என்று ஆங்கரிலிருந்து விடுபடுமுன் எடையிட்டுச் சோதித்து, வழுக்கினால் மேலும் ஒரு சுற்றுச் சுற்றுங்கள். முதலில் இறங்கியவர், மேலே இருப்பவர் கிளம்புமுன் கயிற்றின் ஒரு பக்கத்தை ஓரிரு மீட்டர் இழுத்து அது நகர்கிறதா என்று பார்க்க வேண்டும். நகரவில்லை என்றால் மேலே இருப்பவர் முடிச்சை விளிம்புக்குக் கீழே தள்ளி வைத்துச் சரிசெய்ய அப்போதுதான் வாய்ப்பிருக்கிறது. ஆங்கரில் ஒரு நட்டை விட்டுவர நேர்ந்தால் தயங்காமல் விட்டுவிடுங்கள்.

உச்சியை அடைந்ததும் கயிற்றை அவிழ்க்கும் அவசரம் வேண்டாம். ஈரப் புல் மூடிய செங்குத்தான சரிவில் மலைக்காலணி வழுக்கினால் நிற்க எதுவும் கிடைக்காது. பாறையைவிட அந்தப் புல்லே பல இடங்களில் கொடியது. சரிவு மட்டமாகும்வரை கயிற்றோடு, இயன்ற இடத்தில் பாறைக் கொம்பில் ஸ்லிங் மாட்டியபடி இறங்குங்கள். இறங்கும் பாதையின் தொடக்கம் மேகமூட்டத்தில் தெரியாமல் போகக்கூடும் என்பதால், உச்சியிலிருந்து எந்தத் திசையில் எத்தனை மீட்டர் நடக்க வேண்டும் என்ற திசைகாட்டிக் குறிப்பைத் தாளில் எழுதிச் சட்டைப்பையில் வைத்திருங்கள்.

கிளம்புமுன் நம்பகமான ஒருவரிடம் வழியின் பெயர், மாற்று வழி, திரும்பும் நேரம், எத்தனை மணிக்குப் பிறகும் தகவல் வராவிட்டால் மீட்புக் குழுவை அழைக்க வேண்டும் என்பதை எழுத்தில் கொடுத்துவிட்டுச் செல்லுங்கள். மலையில் உதவி தேவைப்பட்டால், ஒரு நிமிடத்தில் ஆறு முறை விசில் ஊதுவதோ விளக்கை மின்னவிடுவதோ பன்னாட்டு அபாயக் குறி; ஒரு நிமிடம் இடைவெளி விட்டு அதையே திரும்பச் செய்யவேண்டும். நிமிடத்துக்கு மூன்று முறை வரும் குறி, உங்கள் அழைப்பு கேட்டது என்பதற்கான பதில். பதில் வந்த பிறகும், மீட்புக் குழு உங்களை நேரில் வந்தடையும்வரை குறி கொடுப்பதை நிறுத்த வேண்டாம்.