பக்கவாதம் வந்து வீடு திரும்பியவருக்குப் பாசத்தால் நாம் செய்யும் தவறுகள்

டிஸ்சார்ஜ் ஆகி வந்த மறுநாள்தான் பெரும்பாலும் எனக்கு போன் வரும். நான் வீடுவீடாகப் போய் பிசியோதெரபி செய்பவள். வாசலில் செருப்புகள் குவிந்து கிடக்கும். உள்ளே கட்டிலைச் சுற்றிச் சொந்தபந்தம். ஒருவர் வராத கையை அமுக்கிக்கொண்டிருப்பார், இன்னொருவர் தைலம் தேய்ப்பார், தலைமாட்டில் நின்று மனைவி டம்ளரில் தண்ணீர் புகட்டுவார். எல்லாம் பாசம்தான். ஆனால் அந்த முதல் சில வாரங்களில் நான் பார்க்கும் கெடுதல்களில் நிறைய இந்தப் பாசத்திலிருந்தே வருகின்றன.

முதலில் அந்தத் தண்ணீரைச் சொல்கிறேன், உயிருக்கே ஆபத்தானது அதுதான். பக்கவாதத்தில் கை, கால் போலவே தொண்டைத் தசைகளும் பலம் இழக்கலாம். சோறுதான் விக்கும், தண்ணீர் தானாக இறங்கிவிடும் என்று நினைக்கிறோம். நடப்பது நேர் எதிர். தண்ணீர் மெலிசு, வேகமாக ஓடும். மூச்சுக்குழாய் மூடிக்கொள்வதற்குள் அதற்குள் இறங்கி நுரையீரலுக்குப் போய்விடும். இருமினால் தெரியும், ஆனால் சிலருக்கு இருமலே வராது. குடித்த பிறகு குரல் சளி கட்டியதுபோல் கொழகொழவென்று மாறும், அவ்வளவுதான். சில நாளில் காய்ச்சல், மூச்சிரைப்பு. மறுபடி ஆஸ்பத்திரி, இந்த முறை நிமோனியா.

அதனால் விழுங்கும் திறனைப் பரிசோதித்து என்ன கொடுக்கலாம், எவ்வளவு கெட்டியாகக் கொடுக்கலாம் என்று கேட்டுக்கொள்ளாமல் டிஸ்சார்ஜ் ஆகாதீர்கள். கொடுக்கலாம் என்று சொல்லியிருந்தால் நன்றாக நிமிர்த்தி உட்காரவைத்து, சின்ன ஸ்பூனால், ஒரு வாய் இறங்கியதைப் பார்த்த பிறகு அடுத்த வாய். வராத பக்கத்துக் கன்னத்தில் சோறு தங்கியிருக்கிறதா என்று பாருங்கள். சாப்பிட்டதும் படுக்கவைக்காதீர்கள், அரை மணி நேரமாவது உட்கார்ந்திருக்கட்டும். மூக்கில் குழாய் போட்டு அனுப்பியவருக்கு, "பாவம், ஒரு வாய் காபிதானே" என்று நாக்கில் விடவே கூடாது.

அடுத்தது கை. படுத்திருப்பவரை எழுப்ப, வராத கையைப் பிடித்து இழுப்பதை அநேகமாக எல்லா வீட்டிலும் பார்க்கிறேன். தோள்மூட்டின் கிண்ணம் ஆழமில்லாதது, சுற்றியுள்ள தசைகள்தான் அந்தப் பந்தைத் தாங்கிப் பிடிக்கின்றன. தசை சோர்ந்தபின் கையின் எடையே மூட்டைக் கீழே இறக்கும். நாமும் இழுத்தால் கேட்க வேண்டுமா? சட்டையைக் கழற்றித் தோள்பட்டையின் நுனியில் விரல் வைத்தால் ஒரு பள்ளம் தட்டுப்படும். அந்த வலி வந்துவிட்டால் ராத்தூக்கம் போகும், பயிற்சி செய்யவிடாது, மாதக்கணக்கில் படுத்தும். அக்குளுக்குள் கைவிட்டுத் தூக்குவதும் அப்படித்தான். ஒருக்களித்துப் படுக்கவைத்து, காலைக் கட்டிலுக்குக் கீழே இறக்கி, தோளின் பின்புறமும் இடுப்பும் பிடித்து எழுப்புங்கள். உட்கார்ந்திருக்கும்போது வராத கை தொங்கக் கூடாது, மடியில் ஒரு தலையணை வைத்து அதன் மேல் இருக்கட்டும். கடையில் விற்கும் ரப்பர் பந்தை வாங்கிக் கையில் திணிப்பவர்களும் உண்டு. விரல்கள் ஏற்கெனவே இறுகி மடங்கியிருந்தால் அது இறுக்கத்தைக் கூட்டும், கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

ஒரு வீட்டில் பெரியவர் தட்டில் பாதி இட்லியை அப்படியே விட்டுவிடுகிறார், பசியே இல்லை போல என்று மருமகள் வருத்தப்பட்டாள். பார்த்தால் இடது பக்கத்து இட்லியும் சட்னியும் மட்டும்தான் மீதி. தட்டைத் திருப்பி வைத்தேன், மளமளவென்று சாப்பிட்டுவிட்டார். மூளையின் வலப்பக்கம் பாதிக்கப்பட்ட சிலருக்கு இடது பக்கம் என்ற ஒன்று இருப்பதே கவனத்தில் வராது. பிடிவாதம், வீம்பு என்று நாம் திட்டும் பல விஷயங்கள் இப்படி மூளையில் நடந்தவை. திடீர் அழுகை, காரணமில்லாத சிரிப்பு, பேச்சு வராமை எல்லாம் அதில் சேர்த்தி. பேச முடியாதவருக்குக் காது கேட்காது என்று நினைத்துக் கத்துகிறோம், அவர் எதிரிலேயே "இனி எங்க எழுந்திரிக்கப் போறாரு" என்கிறோம். அவருக்கு அது புரியலாம். யாரோடும் முகம் கொடுக்காமல், சாப்பாட்டில் பிடிப்பில்லாமல் வாரக்கணக்கில் இருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். பக்கவாதத்துக்குப் பின் மனச்சோர்வு வருவது சகஜம், அதற்கு மருந்தும் உண்டு.

மாத்திரை விஷயத்தில் ஒரே பேச்சுதான் கேட்கிறேன்: "பிரஷர் நார்மல் ஆயிடுச்சு, நிறுத்திட்டோம்." மாத்திரை போட்டதால்தான் நார்மல். இரத்தம் உறைந்து அடைத்த பக்கவாதத்துக்கு ஆஸ்பிரின் அல்லது குளோபிடோகிரெல், கூடவே கொழுப்பு மாத்திரை தருவார்கள். சிலருக்கு முதல் சில வாரங்கள் ஆஸ்பிரினும் குளோபிடோகிரெல்லும் சேர்த்து, அப்புறம் அந்த இரண்டில் ஒன்று மட்டும். எது எப்போது நிற்கும் என்று சீட்டில் எழுதி வாங்குங்கள். இரத்தக்குழாய் வெடித்துக் கசிந்தவருக்கு இதே மாத்திரை ஆபத்தாகலாம், பக்கத்து வீட்டுக்காரர் போடுகிறார் என்று நீங்கள் தராதீர்கள். செலவும் அலைச்சலும் தடையென்றால், தமிழ்நாட்டில் 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷர், சர்க்கரை மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள், பிசியோதெரபியும் உண்டு. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

புறா இரத்தம் தேய்த்தால் கை வந்துவிடும் என்று ஊர் ஊராகக் கூட்டிக்கொண்டு அலைபவர்களைப் பார்க்கும்போதுதான் எனக்கு மனசு கனக்கும். வேகமாக முன்னேறும் காலம் முதல் மூன்று மாதம், மிஞ்சினால் ஆறு. அதற்குப் பிறகும் முன்னேற்றம் உண்டு, ஆனால் மெதுவாக. அந்த முதல் மாதங்களில் டம்ளரைப் பிடிக்கவும் பித்தான் போடவும் அவரையே விடுங்கள், பத்து நிமிஷம் ஆனாலும் சரி.

படுக்கையில் இருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்புங்கள், சிவந்த இடத்தைத் தேய்க்காதீர்கள். சிறுநீருக்குக் குழாய் போட்டிருந்தால், அதில் மாட்டிய பை எப்போதும் இடுப்புக்குக் கீழே தொங்கட்டும். ஊறுகாய், அப்பளம், கருவாட்டைக் குறையுங்கள்.

இன்னொன்று, ஒருமுறை வந்தவருக்கு மறுபடி வரலாம். வாய் கோணினாலோ, பேச்சு குழறினாலோ, கை புதிதாகத் துவண்டாலோ ஐந்து நிமிஷத்தில் சரியாகிவிட்டாலும் 108-ஐக் கூப்பிடுங்கள். தண்ணீர் வேண்டாம், ஆஸ்பிரினும் வேண்டாம், ஸ்கேன் பார்க்காமல் அடைப்பா கசிவா என்று யாருக்கும் தெரியாது. அடைப்பைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார் என்பதை ஒரு சீட்டில் எழுதிக் கையோடு கொண்டுபோங்கள். ஆஸ்பத்திரியில் முதலில் அதைத்தான் கேட்பார்கள்.