எம்.பி.ஏ.வுக்குக் கல்விக் கடன்: வாங்கும் முன் போட வேண்டிய கணக்கு

"கட்டணம் 10 லட்சம். வேலை கிடைத்தால் வருஷத்துக்கு 6 லட்சம். இரண்டே வருஷத்தில் அடைத்துவிடலாம்." பல வீடுகளில் எம்.பி.ஏ. முடிவு இந்தக் கணக்கில்தான் எடுக்கப்படுகிறது. இதில் இரண்டு பக்கமும் பிழை இருக்கிறது: கடன் 10 லட்சத்தில் நிற்காது, 6 லட்சம் முழுதாகக் கைக்கு வராது. படிப்பால் மாதா மாதம் கூடுதலாகக் கைக்கு வரும் தொகை எவ்வளவு, மாதத் தவணை எவ்வளவு என்பதைத்தான் ஒப்பிட வேண்டும்.

கடன் எவ்வளவாக வளரும்?

வங்கிகள் பொதுவாகப் படிக்கும் காலமும் அதன்பின் ஓராண்டும் தவணை கேட்பதில்லை. வட்டி மட்டும் பணம் கொடுத்த நாளிலிருந்தே ஓடும். ஆண்டுக்கு 5 லட்சமாக 10 லட்சம், 10 சதவீத வட்டி என்று வைத்துக்கொள்வோம். முதல் 5 லட்சத்துக்கு மூன்றாண்டு வட்டி 1.5 லட்சம், அடுத்த 5 லட்சத்துக்கு இரண்டாண்டு வட்டி 1 லட்சம். தவணை தொடங்கும் நாளில் அசல் 12.5 லட்சமாகியிருக்கும். 10 ஆண்டில் அடைக்க மாதம் சுமார் 16,500 ரூபாய் கட்ட வேண்டும், மொத்தம் 19.8 லட்சம். 15 ஆண்டாக நீட்டினால் தவணை 13,430ஆகக் குறையும், ஆனால் கட்டும் மொத்தம் 24 லட்சத்தைத் தாண்டும்.

இது தவணை கேட்காத அந்தச் சலுகைக் காலத்தில் தனிவட்டி போடும் வங்கியின் கணக்கு. நிதி நிறுவனங்களில் சில அந்தக் காலத்திலேயே கூட்டுவட்டி போடும், சில படிக்கும்போதே தவணை கேட்கும். கையெழுத்துக்கு முன் இதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

வீட்டில் முடிந்தால் படிக்கும்போதே வட்டியைக் கட்டிவிடுவது நல்லது. முதலாண்டில் மாதம் 4,170, பிறகு 8,330 ரூபாய் ஆகும். அப்படிச் செய்தால் அசல் 10 லட்சத்திலேயே நிற்கும், தவணை 13,215தான். கட்டிய வட்டி 2.5 லட்சம், பின்னால் மிச்சமாவது ஏறக்குறைய 4 லட்சம். இப்படிக் கட்டுபவர்களுக்குச் சில வங்கிகள் வட்டி விகிதத்தையும் குறைக்கின்றன; கேட்டால்தான் சொல்வார்கள்.

6 லட்சம் சி.டி.சி., கையில் எவ்வளவு?

சி.டி.சி. என்பது உங்களுக்காக நிறுவனம் ஆண்டுக்குச் செய்யும் மொத்தச் செலவு. அதில் பத்தில் ஒரு பங்கு செயல்திறன் ஊதியம் என்றால் 60,000 ரூபாய் உறுதியில்லாத பணம். அடிப்படைச் சம்பளம் மாதம் 20,000 என்றால் நிறுவனம் செலுத்தும் பி.எஃப். ஆண்டுக்கு 28,800, பணிக்கொடைக்கு ஒதுக்குவது சுமார் 11,500. மீதியில் உங்கள் பங்கு பி.எஃப்.பும் தொழில் வரியும் போனால் மாதம் கையில் நிற்பது சுமார் 39,000. அதில் 16,500 தவணை என்பது 42 சதவீதம். சென்னையிலோ பெங்களூரிலோ வாடகை கொடுத்து வாழ்பவருக்கு இது தாங்காது. 30 சதவீதத்தைத் தாண்டும் தவணையை ஏற்கக் கூடாது என்பது எங்கள் உறுதியான கருத்து.

கல்லூரி சொல்லும் சம்பளம்

விளம்பரத்தில் வரும் உச்சச் சம்பளத்தை அப்படியே ஒதுக்குங்கள். சராசரியும் உதவாது, நான்கு பேருக்குப் பெரிய சம்பளம் கிடைத்தாலே அது ஏறிவிடும். மத்திய அரசின் என்.ஐ.ஆர்.எஃப். கல்லூரித் தரவரிசையில் பங்கேற்கும் கல்லூரிகள் சமர்ப்பித்த தரவில் எத்தனை பேர் படிப்பை முடித்தார்கள், எத்தனை பேருக்கு வேலை, இடைநிலைச் சம்பளம் (வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்பவரின் சம்பளம்) எவ்வளவு என்பதெல்லாம் ஆண்டுவாரியாக இருக்கும். மூன்றாண்டு எண்களையும் பாருங்கள்.

இதில் ஒரு நுட்பம் உண்டு. அந்த இடைநிலைச் சம்பளம் வேலை கிடைத்தவர்களுக்கு மட்டுமானது. வேலை தேடிய 100 பேரில் 66 பேருக்குத்தான் கிடைத்தது என்றால், அது மேலிருந்து 33ஆவது ஆளின் சம்பளம். வகுப்பின் உண்மையான நடு ஆள் 50ஆவது ஆள். அவர் சம்பளம் அதைவிடக் குறைவு. அவரை வைத்தே கணக்குப் போடுங்கள். கடைசி மூன்றாண்டில் படித்து முடித்த ஐந்தாறு பேரிடம், கைக்கு வரும் தொகையைத் தனியாகக் கேளுங்கள்.

கழிக்க மறக்கும் தொகை

இப்போது மாதம் 25,000 கையில் வாங்கும் ஒருவர் வேலையை விட்டுப் படித்தால் இரண்டாண்டில் 6 லட்சம் வருமானம் போகிறது. வேலையில் இருந்திருந்தால் அதே சம்பளம் 29,000 ஆகியிருக்கலாம். அப்படியானால் எம்.பி.ஏ. தந்த கூடுதல் 10,000தான், 39,000 இல்லை. தவணையோ 16,500. பிந்தைய ஆண்டுகளில் சம்பள இடைவெளி விரியலாம்; ஆனால் தவணை அதுவரை காத்திருக்காது.

தலைகீழாகவும் கணக்கிடலாம். 10 சதவீத வட்டி, 10 ஆண்டு என்றால், கட்ட முடிந்த தவணையை 1,322ஆல் (ஒரு லட்சத்துக்கான மாதத் தவணை) வகுத்தால் தவணை தொடங்கும்போது இருக்கக்கூடிய கடன் லட்சத்தில் வரும், அதை 1.25ஆல் வகுத்தால் இன்று வாங்கக்கூடிய கடன் கிடைக்கும். 10,000 தவணைக்கு 6 லட்சம். கல்லூரிக்கு 10 லட்சம் தேவை என்றால் மீதி 4 லட்சத்துக்குச் சேமிப்போ உதவித்தொகையோ வேண்டும், இல்லையேல் தமிழ்நாட்டின் டான்செட் நுழைவுத் தேர்வு மதிப்பெண்ணில் குறைந்த கட்டணக் கல்லூரியைத் தேட வேண்டும். வேலையை விடாமல் பகுதி நேரமாகப் படிப்பதும் இந்தக் கணக்கை அடியோடு மாற்றும்.

"வட்டிக்கு வரிச் சலுகை உண்டு" என்பதை நம்பிக் கடனைக் கூட்டாதீர்கள். கல்விக் கடன் வட்டியை வருமானத்திலிருந்து கழிக்கும் அந்தச் சலுகை பழைய வரி முறையில் மட்டுமே. 2025-26 நிதியாண்டு முதல் புதிய முறையில் 12 லட்சம் வரை வருமானத்துக்கு வரியே இல்லாதபோது, 6 லட்சம் வாங்குபவருக்கு அதனால் எந்த லாபமும் இல்லை. வட்டி மானியம் வேறு விஷயம்: பி.எம். வித்யாலட்சுமி திட்டத்தில் குடும்ப ஆண்டு வருமானம் 8 லட்சத்துக்குள் இருந்து, பட்டியலில் உள்ள கல்லூரியில் சேர்ந்தால், 10 லட்சம் வரையான கடனுக்குச் சலுகைக் காலத்தில் 3 சதவீத மானியம் கேட்கலாம்.

சலுகைக் காலம் முடியும்போதும் வேலை அமையவில்லை என்றால், முதல் தவணை தவறும் முன்பே வங்கிக் கிளைக்கு எழுத்தில் தெரிவித்து அவகாசம் கேளுங்கள். 90 நாளுக்கு மேல் பாக்கி நின்றால் கணக்கு வாராக்கடனாகும். கூட்டாகக் கையெழுத்திட்ட அப்பா அல்லது அம்மாவின் சிபில் மதிப்பெண்ணும் சேர்ந்தே விழும்.