பழைய கார்ட் கடனுக்கு அழைப்பாணை வந்தால்

கொழும்பு வெள்ளவத்தையில் நான் நடத்தும் தையற்கடைக்கு 2023 மார்ச்சில் பதிவுத் தபாலில் ஒரு தடித்த உறை வந்தது. 2013இல் ஓவர்லொக் இயந்திரம் வாங்குவதற்காக எடுத்த கிரெடிட் கார்ட். கடையில் வேலை குறைந்துபோய் 2016இல் பணம் கட்டுவதை நிறுத்தியிருந்தேன். அப்போது வட்டி சேராத முதல்தொகை ஏறத்தாழ 187,000 ரூபாய். வழக்கில் வங்கி கேட்டது 640,000. பயத்தில் உறையை அலுமாரியில் வைத்து ஒன்பது நாள் பூட்டிவிட்டேன். நீங்கள் அப்படிச் செய்துவிடாதீர்கள். அந்த ஒன்பது நாளும் எனக்கு வீணாய்ப் போனவை.

முதலில் கையில் இருப்பது என்ன காகிதம் என்று பாருங்கள். சட்டத்தரணியின் கோரிக்கைக் கடிதமா, நீதிமன்றத்தின் அழைப்பாணையா? வழக்கு இலக்கம், நீதிமன்ற முத்திரை, ஆஜராக வேண்டிய நாள் மூன்றும் இருந்தால் வழக்குத் தொடங்கிவிட்டது. இது சிவில் வழக்கு, பொலிஸ் விவகாரம் இல்லை. ஆனால் நீங்கள் போகாவிட்டால் ஒருதலைப்பட்சமாக விசாரித்துத் தீர்ப்பாணை எழுதிவிடுவார்கள். அப்படி நடந்துவிட்டால், அந்தத் தீர்ப்பாணை உங்களிடம் சேர்ப்பிக்கப்பட்டு 14 நாட்களுக்குள், வராததற்கு நியாயமான காரணம் காட்டி அதை நீக்கும்படி விண்ணப்பிக்கலாம்.

காகிதத்தில் 'டிக்ரீ நைசை' (நீங்கள் காரணம் காட்டாவிட்டால் உறுதியாகிவிடும் தீர்ப்பாணை) என்று இருந்தால் இன்னும் அவசரம். அது 1990ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க கடன் அறவிடல் சட்டத்தின் கீழ் போட்ட வழக்கு. அதில் மறுமொழி சொல்வதற்கே நீதிமன்றத்தின் அனுமதி வேண்டும். உங்கள் எதிர்வாதம் என்ன என்பதைச் சத்தியக்கடதாசியில் தெளிவாக எழுதிக் கேட்க வேண்டும். பணத்தையோ பிணையையோ முதலில் வையுங்கள் என்றும் நீதிமன்றம் சொல்லலாம். அன்றைக்கே சட்டத்தரணியைப் பிடியுங்கள்.

எனக்கு வந்தது சாதாரண அழைப்பாணை. நீதிமன்றங்கள் இருக்கும் புதுக்கடைக்குப் போய் ஒரு சட்டத்தரணி அம்மாவிடம் காட்டினேன். அவர் கேட்ட முதல் கேள்வி, "கடைசியாக எப்போது பணம் கட்டினீர்கள்?"

இந்தக் கேள்விதான் முக்கியம். காலாவதி பற்றிய 1871ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டப்படி, எழுத்திலான ஒப்பந்தம் மீறப்பட்டு ஆறு வருடம் கடந்தால் வழக்குப் போடும் உரிமை காலாவதியாகிறது. ஆனால் நீதிபதி தானாக அதைச் சொல்லமாட்டார். உங்கள் மறுமொழியில் நீங்கள்தான் எழுப்ப வேண்டும். ஆறு வருடம் எந்த நாளிலிருந்து என்பதில் வங்கி வேறு கணக்குச் சொல்லும், அதற்கும் ஆயத்தமாக இருங்கள்.

2016இலிருந்து எண்ணிப் பார்த்து நான் தப்பித்தேன் என்றே நினைத்தேன். அப்புறம் பிராதோடு, அதாவது வங்கி போட்ட வழக்கு மனுவோடு, இணைத்திருந்த ஆவணங்களைப் புரட்டியபோது 2018ஆம் ஆண்டு ரசீது ஒன்று வந்தது. மூவாயிரம் ரூபாய். கடை வாசலில் வாடிக்கையாளர் முன்னால் சத்தம் போட்ட அறவிடும் ஆளைப் போகவைக்க நான் கொடுத்த காசு. இப்படிப் பகுதியாகக் கட்டினாலும், கடனை ஒப்புக்கொண்டு கையெழுத்து வைத்தாலும் காலக்கணக்கு மறுபடி முதலிலிருந்து ஓடலாம். அந்த மூவாயிரம் எனக்கிருந்த பெரிய வாதத்தையே கொண்டுபோய்விட்டது. ஆகவே வருடத்தை எண்ணி முடிக்கும்வரை, "ஒரு ஐயாயிரமாவது போடுங்கோ" என்று யார் கெஞ்சினாலும் ஒரு சதம்கூடக் கொடுக்காதீர்கள். தொலைபேசியில் கதைத்தாலும் எதற்கும் சம்மதம் சொல்லாதீர்கள்.

சரி, காலாவதி போனாலும் தொகை இருக்கிறது. பழைய கணக்குக் கூற்றுகளை ஒவ்வொரு மாதமாக வைத்துப் பார்த்தோம். முதல் எவ்வளவு, வட்டி எவ்வளவு, தாமதக் கட்டணம் எவ்வளவு என்று தனித்தனியாகப் பிரித்தேன். நான் கட்டிய இரண்டு தவணை வரவில் விழவே இல்லை. ஏற்காத ஒவ்வொரு பந்தியையும் மறுமொழியில் தனித்தனியாக மறுத்தோம்.

சட்டத்தரணிக்குக் கொடுக்க வசதியில்லாவிட்டால் சட்ட உதவி ஆணைக்குழுவுக்குப் போங்கள், அதன் தலைமை அலுவலகமும் புதுக்கடையில்தான். வருமானத்தைக் காட்டும் கடதாசிகளைக் கொண்டுபோங்கள். என் பிராது சிங்களத்தில் இருந்தது. விளங்காமல் தலையாட்ட வேண்டாம். அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரை தமிழில் மொழிபெயர்ப்புக் கேட்கும் உரிமையைத் தருகிறது. வழக்குக் கூப்பிட்டதும் எழுந்து கேளுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை.

மூன்றாவது தடவை வழக்குக் கூப்பிட்ட நாளில் வங்கியின் சட்டத்தரணியே இணக்கத்துக்கு வந்தார். 240,000 ரூபாய், மாதம் பத்தாயிரமாக இரண்டு வருடம். கையெழுத்து வைக்கமுன், ஒரு மாதம் தவறினால் என்ன நடக்கும் என்ற வரியை இரண்டு தரம் வாசித்தேன். முழுத் தொகையும் உடனே கேட்கலாம் என்று இருந்தது. அதனால் தேதியைச் சம்பள நாளுக்கு அடுத்த கிழமைக்கு மாற்றச் சொன்னேன், மாற்றித் தந்தார்கள்.

கடைசித் தவணை கட்டியதும் கடன் தீர்ந்த கடிதத்தை எழுத்தில் வாங்குங்கள். இரண்டு மாதம் கழித்து கடன் தகவல் பணியகத்தின் கிரிப் அறிக்கையை எடுத்து, அந்தக் கணக்கு மூடப்பட்டிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.