‘எப்படி இருக்கு?’ என்று கேட்டால் ‘சூப்பர்’ என்றுதான் பதில் வரும்

ரீப்பர், லாஜிக், க்யூபேஸ் என்று ஏதோ ஒரு இசையமைப்பு மென்பொருள், கணினியோடு இணையும் ஒரு சின்ன மிடி கீபோர்டு, வாத்திய ஓசைகளின் பதிவுகள் (சாம்பிள்கள்) அடங்கிய ஒரு தொடக்கநிலை சாம்பிள் லைப்ரரி, ஒரு நல்ல ஹெட்போன். இவ்வளவு இருந்தால் சினிமாப் பின்னணி பாணியில் ஓர் ஆர்கெஸ்ட்ரா துண்டை வீட்டிலேயே அமைத்துவிடலாம். அமைத்ததை நாலு பேருக்கு அனுப்பிக் கருத்துக் கேட்கும்போதுதான் கோளாறு தொடங்குகிறது. கேட்பவருக்கு எதைப் பற்றிக் கேட்கிறோம் என்று தெரிவதில்லை. சொல்பவருக்கும் எதைப் பற்றிச் சொல்கிறோம் என்ற தெளிவு இல்லை.

இப்படி ஒரு ட்ராக்கில் மூன்று வேலைகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கின்றன. மெட்டும் ஹார்மனியும் ஒன்று. எந்த வாத்தியத்துக்கு எதைக் கொடுத்தோம் என்பது, அதாவது ஆர்கெஸ்ட்ரேஷன், இன்னொன்று. சாம்பிள்களை எப்படி வாசிக்க வைத்தோம், எப்படி மிக்ஸ் செய்தோம் என்பது மூன்றாவது. காதுக்கு மூன்றும் ஒன்றாகத்தான் வந்து சேரும். அதனால் சாம்பிளில் இருக்கும் குறைக்கு மெட்டு பழி சுமக்கிறது, ஆர்கெஸ்ட்ரேஷனில் இருக்கும் குறைக்கு மிக்ஸ் பழி சுமக்கிறது.

“ஸ்ட்ரிங்ஸ் உயிரில்லாம இருக்கு” என்ற கருத்தை எடுத்துக்கொள்வோம். இதைக் கேட்டதும் பலரும் மெட்டையே மாற்றப் போய்விடுகிறார்கள், அல்லது இன்னும் விலை கூடிய லைப்ரரி வாங்குகிறார்கள். அதற்கு முன்பு மாட் வீல் (கீபோர்டில் இருக்கும் சிறு சக்கரம்) தடத்தைத் திறந்து பாருங்கள். பெரும்பாலான லைப்ரரிகளில் நீண்ட நோட்டுகளின் ஏற்ற இறக்கம் வெலாசிட்டியில், அதாவது கட்டையை எவ்வளவு வேகமாக அழுத்தினோம் என்பதில், இல்லை. மாட் வீலில், அதாவது மிடி கண்ட்ரோலர் 1-இல் இருக்கிறது. அங்கே ஒரு நேர்கோடு ஓடினால், நான்கு பார் (தாள அளவு) மெட்டு முழுவதும் பதினாறு வயலின்காரர்களும் வில்லின் அழுத்தத்தை இம்மியும் மாற்றாமல் வாசிப்பதாக அர்த்தம். எந்த மனிதரும் அப்படி வாசிப்பதில்லை. கண்ட்ரோலர் 11-ஐ மட்டும் ஏற்றி இறக்கினாலும் தீராது. அது பொதுவாக ஒலியளவை மட்டும்தான் மாற்றும். ஹார்னை ஓங்கி ஊதும்போது சத்தம் கூடுவதோடு நாதத்தின் நிறமும் மாறும், அதில் ஒரு உலோகக் கூர்மை ஏறும். அது மாட் வீலில்தான் கிடைக்கும்.

இன்னொரு கருத்து: “தாளம் நழுவுது.” நோட்டுகளை எல்லாம் குவாண்டைஸ் செய்து, அதாவது மென்பொருளை விட்டே நேரம் திருத்தி, தாளக் கட்டத்தில் கச்சிதமாக உட்கார வைத்திருப்பீர்கள், ஆனாலும் நழுவும். லெகாட்டோ (நோட்டுகளை இடைவெளியின்றி இணைத்து வாசிக்கும்) சாம்பிள்களில் ஒரு நோட்டிலிருந்து அடுத்ததற்கு நகரும் ஓசையும் சேர்ந்தே பதிவாகியிருக்கும். நோட்டு முழுதாகக் காதில் விழ 100 மில்லிவிநாடி, சிலவற்றில் அதற்கு மேலும் ஆகும். டிரம் உடனே அடித்துவிடும், வயலின் பின்னால் வரும். வயலின் தடத்தைக் கொஞ்சம் சீக்கிரமே தொடங்கும்படி முன்னால் தள்ளினால் போதும். விமர்சிப்பவருக்கு இது தெரிந்திருந்தால், “உங்களுக்குத் தாள உணர்வு போதாது” என்று ஒருவரைப் புண்படுத்த வேண்டியிருக்காது.

அடிப்பகுதி குழம்புவதற்கு எல்லோரும் சொல்லும் வைத்தியம் ஈக்யூ, அதாவது குறிப்பிட்ட அலைவரிசைகளைக் கூட்டிக் குறைப்பது. 300 ஹெர்ட்ஸ் பக்கம் வெட்டச் சொல்வார்கள். செல்லோ, டிராம்போன், டபுள் பாஸ் மூன்றும் நடு ‘சி’க்கு இரண்டு ஆக்டேவ் கீழே நெருக்கமாக ‘சி’, ‘இ’, ‘ஜி’ பிடித்துக்கொண்டிருந்தால் ஈக்யூ என்ன செய்யும்? கீழே ஆக்டேவ் அல்லது ஐந்தாம் சுரம் மட்டும் வையுங்கள், ‘இ’ மேலே எங்காவது போகட்டும். எழுதியதை மாற்றினால் வெட்ட வேண்டிய தேவையே பாதி போய்விடும்.

பிராஸில் (ஹார்ன், டிராம்போன் போன்ற பித்தளை ஊதுவாத்தியங்களில்) ஒரு கணக்கையும் பாருங்கள். ஆறு ஹார்ன் சேர்ந்து ஒலிக்கும் பாட்சில் (லைப்ரரியின் ஒரு தயார் ஒலியில்) மூன்று நோட்டுகளை ஒன்றாக அழுத்தினால் பதினெட்டு ஹார்ன். சிம்பொனி ஆர்கெஸ்ட்ராவில் வழக்கமாக இருப்பது நாலு. இது தவறா? யார் வாசிக்கப்போகிறார்கள் என்பதைப் பொறுத்தது. நாளை உண்மையான வாத்தியக்காரர்கள் முன்னால் தாளை வைக்கப்போகிறீர்கள் என்றால் தவறு. கணினியில் வருவதுதான் கடைசிப் பொருள், ஒரு குறும்படத்துக்குப் போகிறது என்றால், அந்தப் பதினெட்டு நன்றாக ஒலிக்கிறதா என்பதுதான் கேள்வி. “உண்மையான ஆர்கெஸ்ட்ராவில் இப்படி முடியாது” என்று எதற்கெடுத்தாலும் சொல்பவர்கள் முதலில் இதைக் கேட்க வேண்டும். அனுப்புகிறவரும் அதைக் கேட்கும் முன்பே சொல்லிவிடுவது நல்லது.

அனுப்பும்போது கேள்வியைக் குறுக்குங்கள். “1:10-இல் பிராஸ் நுழையும் இடம் அவசரப்படுகிறதா?” என்று கேட்டால் பதில் வரும். ட்ராக் ஆறு நிமிடம் என்றால், அந்தக் கேள்விக்கு ஆறு நிமிடமும் தேவையில்லை, முன்னும் பின்னுமாக ஒன்றரை நிமிடம் போதும். வடிவத்தைப் பற்றிக் கேட்கிறீர்கள் என்றால் மட்டும் முழுதாக அனுப்புங்கள். ஏதாவது படத்தின் பின்னணி இசையை மனதில் வைத்து அமைத்திருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் கேட்பவர்கள் அதைக் கண்டுபிடிப்பதிலேயே நேரத்தைக் கழிப்பார்கள்.

கருத்துச் சொல்பவருக்கும் இதே விதிதான். நிமிடம், விநாடி போட்டுச் சொல்லுங்கள். போன் ஸ்பீக்கரில் கேட்டுவிட்டு “பேஸ் பத்தல” என்று எழுதாதீர்கள். அந்தச் சின்ன ஸ்பீக்கரில் டபுள் பாஸின் அடி ஓசை வெளியே வரவே வராது. “நானா இருந்தா இங்க ஒரு கோரஸ் போட்டிருப்பேன்” என்பது விமர்சனமே அல்ல, அது உங்கள் அடுத்த பாட்டுக்கான யோசனை.

வந்த கருத்துகளை எடைபோட ஒரு வழி: மூன்று பேர் ஒரே இடத்தைக் காட்டி மூன்று வெவ்வேறு காரணம் சொன்னால், இடத்தை நம்புங்கள், காரணங்களை நம்பாதீர்கள். ஒருவர் டிரம் அதிகம் என்பார், ஒருவர் ரிவெர்ப் (எதிரொலி) அதிகம் என்பார், இன்னொருவர் மெட்டு சலிப்பு என்பார். உண்மையில் அதே நாலு பார் மூன்றாவது தடவையாக வந்துகொண்டிருக்கும்.

சத்தத்தைப் பற்றி ஒன்று. லிமிட்டரில் (உச்ச ஒலியைக் கட்டுப்படுத்தி மொத்தச் சத்தத்தைக் கூட்டும் கருவியில்) போட்டு நசுக்கி அனுப்பினால் கம்பீரமாக இருக்கும் என்று நினைப்பவர்கள் நிறைய. யூடியூப் சத்தமான ட்ராக்கைச் சுமார் -14 லஃப்ஸ் (LUFS, கேட்கும் சத்தத்தின் அலகு) அளவுக்குத் தானே இறக்கிவிடும். ஆனால் நசுக்கியதில், மெல்லிய தொடக்கத்துக்கும் உச்சத்துக்கும் நடுவே இருந்த இடைவெளி போனது போனதுதான். திருத்திய மிக்ஸைப் பழையதோடு ஒப்பிடக் கொடுக்கும்போதும் இரண்டையும் ஒரே ஒலியளவுக்குக் கொண்டுவந்து கொடுங்கள். இல்லாவிட்டால் எது கொஞ்சம் சத்தமோ அதைத்தான் ‘இப்ப நல்லா இருக்கு’ என்பார்கள்.